ஸ்டேஷன் ரைட்டரின் தெலுங்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், திண்டிவனத்தில் என் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். கையில் ஒரு பை, பைக்குள் மடிப்புக் கலையாத பொன்னாடை. பெயர் குணசேகரன், ஜவுளிக்கடை வைத்திருக்கிறார், ஊருக்குப் புதியவர். வந்த சூட்டோடு ஒரு வாசகர் வட்டம் ஆரம்பித்துவிட்டார். முதல் கூட்டத்துக்கு உள்ளூர் எழுத்தாளர் ஒருவர் பேசினால் எடுப்பாக இருக்கும் என்று டீக்கடையில் விசாரித்திருக்கிறார். "இந்த ஊர்ல ரைட்டர் யாராவது இருக்காங்களா?" "ரைட்டரா? அதோ அந்தப் பச்சை கேட்டு வீடு. ரைட்டர் ஏழுமலைன்னா எல்லாருக்கும் தெரியும்" என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டார்கள்.

டீக்கடையில் சொன்னது பொய்யில்லை. நான் ரைட்டர்தான். போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர். புகார் கொடுக்க வருகிறவர் சொல்வதைக் கேட்டு எழுதுவது, வாக்குமூலம் எழுதுவது, எஃப்.ஐ.ஆர். போடுவது, கோர்ட்டுக்குப் போகிற காகிதங்களைத் தயார் செய்வது, இதற்கெல்லாம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஓர் ஏட்டு இருப்பார். அவருக்குத்தான் ரைட்டர் என்று பெயர். விழுப்புரம் மாவட்டத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் என் தலை நரைத்தது.

குணசேகரன் நாற்காலியின் நுனியில் பக்தியோடு உட்கார்ந்தார்.

"இதுவரைக்கும் எவ்வளவு எழுதியிருப்பீங்க சார்?"

"அதுக்குக் கணக்கு ஏதுங்க? தினமும் எழுதினதுதான்."

"எந்த மாதிரி?"

"எல்லா மாதிரியும்தான். அடிதடி, திருட்டு, வரப்புச் சண்டை, குடும்பத் தகராறு, சாலை விபத்து."

"அடடா! மண்ணோட ஒட்டின எழுத்து" என்றார். அவர் கண் லேசாகக் கலங்கியது. சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி சரோஜாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"என்னாங்க, அவரு வேற யாரையோ நெனச்சிக்கினு வந்திருக்காரு. ஜல்தியா சொல்லிடுங்க. மேடையில ஏத்திட்டாங்கன்னா பேஜாராயிடும்."

சொன்னேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் வாடியது. பிளெக்ஸ் பேனர் அடித்துக் கட்டியே விட்டார்களாம். எழுத்தாளர் ஏழுமலை அவர்கள், 'பல ஊர் பார்த்த வாழ்க்கை ஒருவரின் எழுத்தை எப்படி வளர்க்கிறது' என்ற தலைப்பில் பேசுகிறார். தலைப்பைக் கேட்டதும் எனக்கு, இது நமக்கு வைத்த தலைப்புதானே என்று தோன்றியது. ஆளைத்தான் தப்பாகப் பிடித்திருக்கிறார்கள். போனேன், பேசினேன். பாதி பேசுவதற்குள் கேசரியும் காராபூந்தியும் வந்துவிட்டதால் சபையின் கவனம் அந்தப் பக்கம் போய்விட்டது. அங்கே விட்டதை இங்கே எழுதுகிறேன்.

செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லம்தான் எனக்குச் சொந்த ஊர். பள்ளிக்கூடம் முடித்ததும் வீட்டில் சொல்லாமல் போர் போடும் லாரியில் ஏறினேன். பூமியில் துளை போட்டுத் தண்ணீர் எடுக்கிற அந்த வண்டி கம்மம், நல்கொண்டா, அதையும் தாண்டி நாக்பூர் வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனது. பிறகு பாண்டிச்சேரியில் ஒரு ஹோட்டலில் சப்ளையர். பிறகு போலீசில் சேர்ந்து, பட்டாலியனில் இருந்த காலத்தில் தேர்தல் பாதுகாப்புக்கு என்று மாநிலம் மாநிலமாக ரயிலில் ஏற்றி இறக்கினார்கள். இதிலெல்லாம் நான் பெரிதாக எதையும் கற்றுக்கொண்டேன் என்று அப்போது நினைக்கவில்லை. ஒரு ஊரில் சோறு கேட்கவும், அடுத்த ஊரில் கக்கூஸ் எங்கே என்று கேட்கவும் தெரிந்தது. மொழி தெரியாத இடத்தில் ஒருவன் எதிராளியின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பான் பாருங்கள், அந்தப் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கடைசியில் விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று நெடுஞ்சாலையை ஒட்டிய ஸ்டேஷன்களிலேயே என்னைப் போட்டார்கள். அவற்றில் ஒன்றில்தான் தமயந்தி மேடம் எனக்கு இன்ஸ்பெக்டராக வந்தார்.

மேடத்துக்குத் தர்மபுரிப் பக்கம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. வாயில் எப்போதும் நாலு சோம்பு கிடக்கும். வாக்குமூலத்தின் கடைசியில், 'படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடி சரியாக இருந்தது' என்று ஒரு வரி எழுதுவோம். எல்லா ஸ்டேஷனிலும் எழுதுவார்கள், பல பேர் படித்துக் காட்ட மாட்டார்கள். கையெழுத்துப் போடுகிறவர் அவசரத்தில் இருப்பார், நாம் அவரைவிட அவசரத்தில் இருப்போம். மேடம் மட்டும் விடமாட்டார். சொன்னவரை எதிரில் உட்காரவைத்து, "படிச்சுக் காட்டுங்க" என்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சரியாகப் போகிறவரைக்கும் சோம்பை மென்றுகொண்டிருப்பார். எங்கேயாவது நம்முடைய சொந்தச் சரக்கு நுழைந்துவிட்டால் மெல்லுவது நின்றுவிடும்.

"இப்ப பேசுறது யாருங்க? அவரா, நீங்களா?"

போலீஸ் தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கஷ்டம் புரியும். யார் வந்து என்ன சொன்னாலும், 'என்னை வழிமறித்து, ஆபாசமான வார்த்தைகளால் திட்டி, கையால் தாக்கி, உயிருடன் விடமாட்டேன் என்று மிரட்டினார்' என்று நம் கை தானாகவே எழுதிவிடும். ஏதோ ஒரு ஸ்டேஷனில் இப்படித் திட்டியதாக எழுதப்பட்ட எதிரி பிறவியிலேயே வாய் பேச முடியாதவராம். உண்மையோ பொய்யோ, எங்கள் இலாகாவில் அதைக் கேட்டுச் சிரிக்காதவர் கிடையாது.

நான் ரைட்டர் ஆனதே மேடத்தின் இந்த வழக்கத்தால்தான். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் பாஸ்கரன். கும்பகோணத்துக்காரர், எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு நாள் பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் முன்பல் ஆடுகிறது என்று வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். பங்காளி அடித்துவிட்டானாம். "காலையில கொல்லைக்குப் போயிருந்தேன், பின்னாலயே வந்து அடிச்சிட்டான்" என்றார். பாஸ்கரன் எழுதி முடித்தார். மேடம் கண்ணை மூடிக்கொண்டார். பாஸ்கரன் நல்ல குரலில் படித்தார்: "நான் அதிகாலையில் இயற்கை உபாதையைக் கழிக்க ஒதுங்கியிருந்தபோது…"

விவசாயி வாயிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஐயா! இன்னா எழுதி வச்சிக்கினு இருக்கீங்க? நான் எப்போ அதுக்குப் போனேன்? மல்லாட்டை புடுங்கப் போனேங்க! நாளைக்கு இத கோர்ட்டுல படிச்சா எம் பொண்டாட்டி மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிறது?"

எங்கள் பக்கம் மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, கொல்லை என்றால் மானாவாரி நிலம். பாஸ்கரன் ஊர்ப் பக்கம் அதற்கு அர்த்தம் வேறு. மேடத்துக்கே சிரிப்பு வந்து, சோம்பு புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, "இந்த ஊர்ப் பேச்சு தெரிஞ்ச ஆள் யாருங்க இருக்கிறது?" என்று கேட்டார். வல்லத்துக்காரன் நான் பாரா டூட்டியில் துப்பாக்கியோடு நின்றிருந்தேன். மறுநாளிலிருந்து எனக்குப் பேனா. பாஸ்கரன் சந்தோஷமாகக் கோர்ட் வேலைக்குப் போனார், இன்றைக்கும் எனக்குச் சிநேகிதர்தான்.

ஊர்க்காரன் என்பதற்காகக் கிடைத்த நாற்காலி அது. என் ஊர்ப் பேச்சு மட்டும் தெரிந்திருந்தால் போதாது என்பது ஒரு விபத்து கேசில்தான் எனக்குப் புரிந்தது.

மழை விட்டிருந்த ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். நெடுஞ்சாலையில் ஒரு குட்டி யானை கவிழ்ந்துவிட்டதாகத் தகவல். குட்டி யானை என்பது சின்னச் சரக்கு வண்டி, இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். மரக்காணம் பக்கம் சவுக்கு வெட்ட வந்த நெல்லூர்க் குடும்பம் ஒன்று, வேலை முடிந்து, பாத்திரம் பண்டத்தோடு உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் அடுத்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. டயர் வெடித்து வண்டி சாய்ந்ததும் ஓட்டியவன் பயந்து ஓடிவிட்டான். புருஷனுக்கு நினைவில்லை. மனைவிக்குத் தோளில் எலும்பு முறிவு. இரண்டு பேரையும் ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, கான்ஸ்டபிள் மணிகண்டனும் கூடவே போயிருந்தான். சிவகங்கைப் பையன், நல்ல சுறுசுறுப்பு.

விபத்தில் அடிபட்டவர் பேசும் நிலையில் இருந்தால் ரைட்டர் ஆஸ்பத்திரிக்கே போய் வாக்குமூலம் வாங்க வேண்டும். டூட்டி டாக்டரிடம், பேசலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டேன். அந்தப் பெண்ணுக்கு வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். கண் பாதி மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. பெயர் நாகமணி என்பதை மட்டும் நர்ஸ் எப்படியோ கேட்டு வைத்திருந்தார்.

மணிகண்டன் நடந்ததைச் சொன்னான். "புருசனுக்குத்தான் ரைட்டரே அடி. இவுகளுக்குத் தோளு போச்சு. கால் வலிக்கிதுன்னும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு, எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாக, காலுல ஒண்ணுமில்ல. ரோட்டுல சின்னப் பிள்ளை செருப்பு ஒண்ணு கெடந்துச்சு. பகீர்னு ஆயிருச்சு எனக்கு. பிள்ளை எங்கன்னு கேட்டேன். தப்பிச்சிருச்சாம், அந்தம்மாவே சொல்லுச்சு. சொந்தக்காரவுக யாரோ பின்னால வந்த வண்டியில கூட்டிட்டுப் போயிட்டாக போல."

அப்பாடா என்று இருந்தது. மயக்கத்தில் இருக்கிறவளை என் அரைகுறைத் தெலுங்கில் கேட்டுத் தொல்லைப்படுத்துவானேன் என்று, டாக்டர் சொன்னது, மணிகண்டன் சொன்னது எல்லாவற்றையும் வைத்து ஒரு பக்கம் எழுதினேன். 'என் குழந்தை தெய்வாதீனமாகத் தப்பிவிட்டது' என்று ஒரு வரி. கையெழுத்துத் தெரியாதென்றால் இடது கைப் பெருவிரல் ரேகை வாங்குவோம். மைப்பெட்டியைத் திறக்கும்போது மேடம் வந்துவிட்டார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, வழக்கம்போல, "படிச்சுக் காட்டுங்க" என்றார்.

"தெலுங்கு அம்மாங்க மேடம். தமிழ் வராது."

"வராதவங்க எப்படிங்க தெய்வாதீனம்னு சொன்னாங்க?"

மெல்லுவது நின்றிருந்தது. மேடம் மணிகண்டன் பக்கம் திரும்பி, "அந்தம்மா வாயில என்ன வந்துச்சோ, அதை அப்படியே சொல்லுங்க தம்பி" என்றார். அவன் யோசித்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான்: "பில்ல தப்பிபோயிந்தி."

திறந்த மைப்பெட்டியை மூடினேன்.

கம்மம் பக்கத்தில் நாங்கள் போர் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு திருவிழாவுக்குப் போயிருந்தோம். ஒலிபெருக்கியில், சிவப்புச் சட்டை போட்ட பையன் 'தப்பிபோயாடு' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டி ஆட்களுக்கு ஒரே குஷி. எதிலிருந்தோ ஒரு பையன் தப்பித்துவிட்டானாம், அதற்கு இத்தனை தடவை அறிவிப்பா என்று கைதட்டிச் சிரித்தோம். பக்கத்தில் வளையல் கடை வைத்திருந்த பெண்மணி எங்களை அடிக்காத குறையாக முறைத்தார். தெலுங்கில் தப்பிபோவது என்றால் தொலைந்து போவது. ஒரு தாய் மேடைக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நிற்க, நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த வெட்கத்தில் படித்த சொல் எப்படி மறக்கும்?

"மேடம், குழந்தை தப்பிக்கல. காணோம்னு சொல்லுது."

குனிந்து அந்தப் பெண்ணின் காதருகே, பிள்ளை எங்கே என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டேன். "அம்மா, பில்ல எக்கட?"

பாதி மூடியிருந்த கண் முழுதாகத் திறந்தது. தன்னிடம் யாரோ புரிகிற மாதிரி பேசிவிட்டார்கள் என்று தெரிந்ததும் எழுந்து உட்காரவே பார்த்தாள். ஊசி மயக்கத்தையும் மீறிக் கொட்டித் தீர்த்தாள். வண்டி சாய்ந்ததும் குழந்தை வெளியே விழுந்து எழுந்து, பயத்தில் ஓடியிருக்கிறது. இவள் பின்னால் போவதற்குள் ஆட்கள் தூக்கி ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். "காலுவ, காலுவ" என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லியிருக்கிறாள். காலுவ என்றால் கால்வாய். நாம் காலுக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கிறோம்.

மேடம் மணிகண்டனைத் திட்டவில்லை. அதற்கு நேரமும் இல்லை. "ரைட்டர், நீங்க என்கூட வாங்க. தெலுங்கு வேணும்" என்றார். ஜீப்பில் போகும்போதே டோல்கேட்டுக்கும், அந்தப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் போன் போட்டு ஆட்களை இறங்கச் சொன்னார். இரண்டு நாள் மழை. ரோட்டோர வாய்க்காலில் ஏரிக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நான் ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லாரி டிரைவர்கள், பரோட்டா மாஸ்டர்கள், ரோட்டோரம் மல்லாட்டை வேகவைத்து விற்கிற பெண்கள் என்று ஒரு கூட்டமே கரும்புக் காட்டுக்குள் நின்றது. "பாப்பா! பாப்பா!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒரு பதிலும் இல்லை. மல்லாட்டை விற்கிற அம்மாள் ஒருவர்தான் என்னைக் கூப்பிட்டார். "ஐயா, இங்க வந்து பாருங்க. கொழாய்க்குள்ள ஏதோ அசையிற மாதிரி இருக்குது. நாய்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போவதற்காகப் போட்ட பெரிய சிமெண்ட் குழாய். அதன் வாயைச் சீமைக்கருவேலம் மூடியிருந்தது. முள்ளை விலக்கிவிட்டு, தரையில் வயிற்றை வைத்துப் படுத்துப் பார்த்தேன். உள்ளே, முழங்கால் தண்ணீரில், நாலு வயது இருக்கும், சுவரோடு ஒட்டி நின்றது. என்னைப் பார்த்ததும் இன்னும் உள்ளே, தண்ணீர் வேகமாகப் போகிற பக்கம் ஓர் அடி தள்ளிப் போனது. என்னால் அந்தக் குழாய்க்குள் நுழைய முடியாது. நான் நுழைய முயன்றால் அது இன்னும் உள்ளே போகும்.

பின்னாலிருந்து மேடம் மெதுவாகச் சொன்னார். "சட்டையைக் கழட்டுங்க ரைட்டர். காக்கியைப் பார்த்துப் பயப்படுது."

கழற்றி எறிந்துவிட்டு, பனியனோடு மறுபடி படுத்தேன். போர் லாரிக்குச் சமைத்துப் போட்ட நெல்லூர் அம்மாள், தன் பேரப்பிள்ளையை எப்படிக் கூப்பிடுவார் என்று யோசித்து, அந்தக் குரலிலேயே கூப்பிட்டேன். "ரா தல்லி, ரா. புவ்வ தின்தாமா? அம்ம பிலுஸ்தோந்தி." வாடா தாயி, சோறு திங்கலாமா, அம்மா கூப்பிடுறா. எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. ஒரு கட்டத்தில் உள்ளேயிருந்து எறும்புக் குரலில் ஒரு கேள்வி வந்தது.

"அம்ம உந்தா?"

அம்மா இருக்காளா என்று கேட்டது. "உந்தி தல்லி, உந்தி" என்றேன். தண்ணீரை அளைந்துகொண்டு, ஒற்றைச் செருப்போடு வந்து என் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. மேலே ரோட்டில் நின்ற லாரிக்காரர்கள் ஹாரனை அடித்துத் தள்ளிவிட்டார்கள். நான் அழுதேன். போலீஸ்காரன் அழக்கூடாது என்று யாராவது சொன்னால், அவர் அந்தக் குழாய்க்கு முன்னால் படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் சேர்ந்ததை நான் எழுதப்போவதில்லை. வார்டு முழுக்க நின்று பார்த்தது, அவ்வளவுதான். புருஷனும் பிறகு கண் விழித்துப் பிழைத்துக்கொண்டான். மணிகண்டன் கேண்டீனுக்கு ஓடி, கடையில் இருந்த அத்தனை பிஸ்கட்டையும் வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

ஆனால் வேலை முடியவில்லை. மேடம் ஸ்டூலை அவரே இழுத்துப் போட்டார். "முதல்ல எழுதினதை விட்டுடுங்க. புதுசா எழுதலாம். அந்தம்மா சொல்லட்டும்." நாகமணி தெலுங்கில் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். வழிமறிக்கவும் இல்லை, தெய்வாதீனமும் இல்லை. டயர் வெடித்த சத்தம், சாய்ந்த வண்டி, ஓடிய குழந்தை, கால்வாய் என்று அவள் சொன்ன வரிசையில் அவள் சொன்னது மட்டும்தான். முடித்ததும் மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"படிச்சுக் காட்டுங்க. தெலுங்குல."

எனக்குத் தெரிந்த போர் லாரித் தெலுங்கில், தடுக்கித் தடுக்கி, வரிவரியாகச் சொல்லிக் காட்டினேன். குழந்தை அவள் மடியில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தது. கடைசி வரிக்கு முந்தைய வரி வந்தது. தப்பி என்கிற சொல் பக்கமே நான் போகவில்லை. "பில்ல பதிகிந்தி" என்றேன். பிள்ளை பிழைத்துவிட்டது.

நாகமணி நல்லாயிருந்த கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். எதையோ தப்பாக எழுதிவிட்டேன் என்று எனக்குப் பக்கென்றது. மேடமும் கண்ணைத் திறந்துவிட்டார்.

"மள்ளீ செப்பண்டி" என்றாள் அவள். அதையே இன்னொரு தடவை சொல்லுங்க.

ஆயுசெல்லாம் எழுதினேன். நான் எழுதிய வரியை மறுபடி கேட்க வேண்டும் என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன்.